தேங்காய் பன்: கடையில் பிட்டுப் பார்ப்பதிலிருந்து வீட்டு அவன் (oven) வரை

பேக்கிங் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் கேக்கில்தான் கை வைக்கிறார்கள். கேக்கை உப்ப வைப்பது பேக்கிங் பவுடர். அளவு சரியாக இருந்தால் முக்கால்வாசி வேலை தானாக நடந்துவிடும். பன் அப்படி இல்லை. மாவு எவ்வளவு இளக வேண்டும், எவ்வளவு உப்ப வேண்டும் என்பதையெல்லாம் விரலால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விரலுக்கு முதல் பாடம் கடையில் இருக்கிறது. நல்ல பன் எப்படி இருக்கும் என்று தெரியாமல் மாவைப் பிசைந்தால், வந்தது சரியா தப்பா என்றே தெரியாது.

முதலில் நாலு கடை ஏறி இறங்குங்கள்

டீக்கடையோடு ஒட்டிய பேக்கரி, அடுப்பு பின்கட்டிலேயே இருக்கும் பேக்கரி, பெரிய ஸ்வீட் கடையின் பேக்கரிப் பிரிவு என்று விதவிதமாகப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு கடை போதும். எல்லா இடத்திலும் ஒரே பொருளைத்தான் வாங்க வேண்டும்: தேங்காய் பன் ஒன்று, சாதா பன் ஒன்று. இங்கே பப்ஸ், அங்கே டோனட் என்று வாங்கினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

"அண்ணே, பன் எப்ப இறக்குனது?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். காலையில் இறக்கிய பன்னை மாலையில் தின்றுவிட்டுக் கடையைக் குறை சொல்லக் கூடாது. வாங்கியதும் வாயில் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

பக்கவாட்டில் விரலால் அழுத்துங்கள். பள்ளம் மெல்ல எழும்பி வந்தால் புதுசு. அப்படியே தங்கினால் பழசு, அல்லது வேகவில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரே சீரான பழுப்பு வேண்டும். நடு மட்டும் வெளுத்து ஈரமாக இருந்தால் பூரணத்தின் தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறது. பிறகு கத்தி வைக்காமல் கையால் பிட்டுப் பாருங்கள். நல்ல பன் நார் நாராகப் பிரியும், பொலபொலவென்று உதிராது. முகர்ந்தால் கள் வாடை அடித்தால் மாவு அளவுக்கு மீறிப் புளித்திருக்கிறது. கடைசியாக, பூரணத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இந்தப் பொந்து பல கடைப் பன்களிலேயே இருக்கும், வீட்டிலும் கட்டாயம் வரும். காரணம் பின்னால் வருகிறது.

வெளியூர் போனால் தேங்காய் பன்னின் சொந்தங்களையும் பார்க்கலாம். பெங்களூர் ஐயங்கார் பேக்கரிகளில் கிடைக்கும் தில்பசந்த், நம் தேங்காய் பன்னின் பெரியப்பா மாதிரி. தட்டு அளவு வட்டம், உள்ளே தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும், முக்கோணத் துண்டாக வெட்டித் தருவார்கள். சில ஊர்களில் தில்குஷ் என்று கேட்க வேண்டும். தோல் மெல்லிசாகவும் பூரணம் உலர்வாகவும் இருந்தால் பொந்து விழாது என்பதை அதில் பார்க்கலாம். ஹைதராபாத் ஈரானி சாயாக் கடையில் பன் மஸ்கா (வெண்ணெய் தடவிய பன்) சாப்பிட்டால், பன்னில் இனிப்பு குறைவாக இருந்தால் வெண்ணெய் எவ்வளவு எடுபடுகிறது என்று தெரியும். இலங்கையில் முதலை வடிவில் சுருட்டி மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ் உண்டு. அங்கே இனிப்பு முழுக்க வெளித்தோலில்தான்.

வாங்க வேண்டியது

முதல் செலவு பன் சுடும் அவனுக்கு இல்லை, ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசுக்கு. ஒரு கப் மைதாவை அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். பன் மாவில் 30 கிராம் வித்தியாசம் என்பது பஞ்சுக்கும் கட்டைக்கும் உள்ள வித்தியாசம்.

8 பன்னுக்கான மாவு:

- மைதா 300 கிராம்
- பால் 180 மி.லி.
- சர்க்கரை 40 கிராம்
- இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம் (ஒன்றரை டீஸ்பூன்)
- உப்பு 5 கிராம்
- உப்பில்லாத வெண்ணெய் 35 கிராம், அறைச் சூட்டில் இளகியது

பூரணத்துக்கு:

- தேங்காய்த் துருவல் 150 கிராம்
- சர்க்கரை 70 கிராம்
- டூட்டி ஃப்ரூட்டி 40 கிராம்
- வெண்ணெய் அல்லது நெய் 2 டீஸ்பூன்
- ஏலப்பொடி கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை

மைதா பாக்கெட்டின் பின்பக்கம் புரதம் என்ற வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் பன்னுக்கு ஆகும். குறைந்தால் மாவு இழுக்கும்போது அறுந்துபோகும். மாவில் சர்க்கரையைக் கூட்டாதீர்கள். மாவின் எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டும்போது ஈஸ்ட் சுணங்கத் தொடங்கும். இந்த அளவே அந்த எல்லையைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கிறது. இன்னும் இனிப்பு வேண்டும் என்றால் பூரணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. பூரணம். இதை முதலில் செய்து ஆற வைக்க வேண்டும். தேங்காயின் பழுப்புத் தோல் படாமல் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவுங்கள். கடாயில் வெண்ணெய் விட்டு, துருவலைச் சிறு தீயில் 4 நிமிடம் வதக்குங்கள். நிறம் மாற வேண்டாம், ஈரம் போனால் போதும். சர்க்கரை சேர்த்ததும் நீர்த்துக்கொள்ளும். மறுபடி வற்றி, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் வந்ததும் இறக்கி, ஏலம், உப்பு, டூட்டி ஃப்ரூட்டி சேருங்கள். ஆறியபின் எட்டு உருண்டைகளாகப் பிடித்து வையுங்கள். ஒன்று 28 முதல் 30 கிராம் வரும்.

வதக்காமல் பச்சையாக வைப்பவர்கள் உண்டு. மணம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவனில் அந்த ஈரம் ஆவியாகி மேல்தோலைத் தூக்கிவிடும். கடைப் பன்னில் பார்த்த பொந்து அப்படி வந்ததுதான்.

2. பிசைதல். மைதா, சர்க்கரை, ஈஸ்ட், உப்பு நான்கையும் கலந்துவிட்டு, பாலில் 165 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். மீதி 15 மி.லி.யைக் கையோரம் வைத்திருந்து, மாவு வறண்டிருந்தால் மட்டும் சேருங்கள். உப்பு பட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்ற பயம் இந்த அளவுக்குத் தேவையில்லை. சூடான பாலுக்குத்தான் பயப்பட வேண்டும். விரல் பொறுக்காத சூட்டில் ஈஸ்ட் போய்விடும். சென்னை, மதுரை வெயிலில் பாலைச் சுட வைக்கவே வேண்டாம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுங்கள். பிசையும் சூட்டிலேயே மாவு வெதுவெதுப்பாகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் வெதுவெதுப்பான பால்.

இன்ஸ்டன்ட் இல்லாமல் உருண்டை உருண்டையான ஆக்டிவ் டிரை ஈஸ்ட் கிடைத்தால், வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். நுரை கட்டாவிட்டால் அந்த ஈஸ்ட்டைத் தூர எறியுங்கள். மாவையாவது மிச்சம் பிடிக்கலாம்.

மாவு ஒன்றுகூடியதும் மேடையில் போட்டு ஐந்து நிமிடம் பிசையுங்கள். பிறகு வெண்ணெயை மூன்று தவணையாகச் சேருங்கள். இந்தக் கட்டத்தில் மாவு குழைந்து, கையெல்லாம் ஒட்டி, எல்லாம் கெட்டுப்போன மாதிரி இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் மைதா டப்பாவைத் தேடுவது இங்கேதான். ஒரு பிடி கூடச் சேர்க்காதீர்கள். ஒரு முனையைப் பிடித்து மேடையில் அறைந்து, மடித்து, திருப்பி மறுபடி அறையுங்கள். பரோட்டா மாஸ்டர் அடிக்கும் வேகம் வேண்டாம், அதே மாதிரி இழுத்து மடித்தால் போதும். ஆறேழு நிமிடத்தில் வெண்ணெய் உள்ளே போய், மாவு மேடையை விட்டுத் தானே கழன்று வரும்.

எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, நாலு விரலால் மெல்ல விரியுங்கள். கிழியாமல், மறுபக்கம் விரல் நிழல் தெரியும் அளவுக்கு ஜவ்வு மாதிரி விரிந்தால் பிசைந்தது போதும். கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம்.

3. முதல் உப்பல். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு மூடி வையுங்கள். 32 டிகிரி சமையலறையில் 50 நிமிடத்தில் இரட்டிப்பாகும், குளிரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தை நம்பாமல் மைதா தொட்ட விரலால் மாவில் ஒரு குழி போடுங்கள். சட்டென்று மூடினால் இன்னும் நேரம் வேண்டும். மெல்லப் பாதி மூடினால் சரி. குழியோடு சேர்ந்து மொத்தமும் அமுங்கினால் நேரம் தாண்டிவிட்டது. அப்போது மாவை ஒருமுறை மடித்துப் பிசைந்து, நேரே உருட்டப் போய்விடுங்கள்.

4. உருட்டுதல். காற்றை அமுக்கி, தராசில் வைத்து 70 கிராம் வீதம் எட்டாகப் பிரியுங்கள். உருட்டி, ஈரத்துணி மூடிப் பத்து நிமிடம் விட்டால் மாவு தளரும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் தட்டத் தட்டச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

உள்ளங்கையில் வைத்துப் போளிக்குத் தட்டுவதுபோலத் தட்டுங்கள். ஓரம் மெல்லிசாக, நடு கனமாக. பூரண உருண்டையை வைத்து, ஓரங்களைக் கூட்டிக் கொழுக்கட்டை மாதிரி கிள்ளி மூடுங்கள். ஓரத்தில் வெண்ணெயோ சர்க்கரையோ பட்டிருந்தால் ஒட்டாது, துடைத்துவிடுங்கள். கிள்ளிய பக்கம் கீழே இருக்கும்படி பட்டர் பேப்பர் போட்ட ட்ரேயில் வைத்து லேசாக அமுக்குங்கள். பன்னுக்குப் பன் இரண்டு விரல் இடைவெளி விட்டால் தனித்தனியாக வரும். ஒரு விரல் விட்டால் ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் பஞ்சு மாதிரி இருக்கும்.

5. இரண்டாம் உப்பல். மூடி 30 முதல் 40 நிமிடம். இருபதாவது நிமிடத்தில் ஓ.டி.ஜி.யை (வீட்டு மின்சார அவன்) மேலும் கீழும் இரண்டு ராடும் எரியும்படி 190 டிகிரியில் போடுங்கள். சூடேறப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்.

6. சுடுதல். ஒரு முட்டையோடு ஒரு ஸ்பூன் பால் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தடவுங்கள். முட்டை ஆகாதவர்கள் பால் மட்டும் தடவலாம், பளபளப்பு கொஞ்சம் குறையும். நடுவில் செர்ரி ஒன்று. நடுத்தட்டில் 18 முதல் 20 நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் மேலே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளை மேலே போடுங்கள், அவனை அணைக்காதீர்கள். அடியைத் தட்டினால் டொக்கென்று வெற்றொலி கேட்க வேண்டும். எடுத்ததும் சூட்டோடு வெண்ணெய் தடவி, கம்பித் தட்டில் வைத்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் மெல்லிய துணியால் மூடுங்கள். அந்த ஆவியில்தான் தோல் மெத்தென்று ஆகும். உள்ளே சர்க்கரைப் பூரணம் கொதித்துக்கொண்டிருக்கும், இருபது நிமிடம் பொறுத்துக் கடியுங்கள்.

அவன் இல்லையென்றால்

அடிகனமான பாத்திரத்தில் ஒரு அங்குலம் உப்போ மணலோ பரப்பி, ஸ்டாண்ட் வைத்து மூடி, மிதமான தீயில் 12 நிமிடம் சூடாக்குங்கள். நான்ஸ்டிக் வேண்டாம். பன் தட்டை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து 25 முதல் 28 நிமிடம். வெந்துவிடும், ஆனால் மேலிருந்து சூடு இல்லாததால் தலை வெளுத்திருக்கும். தோசைக்கல்லில் துளி வெண்ணெய் விட்டுத் தலைகீழாக அரை நிமிடம் வைத்தெடுத்தால் நிறம் வரும். மைக்ரோவேவ் என்றால் சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்‌ஷன் வசதி கட்டாயம். வெறும் மைக்ரோவேவில் பன் ரப்பராகும்.

என்ன தப்பு நடந்தது?

பக்கவாட்டில் வெடித்து பூரணம் வெளியே வந்தால் இரண்டாம் உப்பல் போதவில்லை, அல்லது கிள்ளிய இடம் ஒட்டவில்லை. தட்டையாகப் பரவினால் அதே உப்பல் மிஞ்சிவிட்டது. கோடையில் இதுதான் அதிகம் நடக்கும். அடி கருகி மேலே வெளுத்தால், ட்ரேக்கு அடியில் இன்னொரு ட்ரே வைத்து ஒரு தட்டு மேலே ஏற்றுங்கள். வெளியே வந்தபோது நன்றாக இருந்து இரண்டு மணி நேரத்தில் வறண்டால், சூடு குறைவாக வைத்து நீண்ட நேரம் சுட்டிருக்கிறீர்கள்.

மறுநாளே கெட்டியாவது தனிக்கதை. கடைப் பன் இரண்டு நாள் மெத்தென்று இருக்க பிரெட் இம்ப்ரூவர் போடுவார்கள். முன்பு மாவை உறுதியாக்கி நன்றாக உப்ப வைக்கப் புழங்கிய பொட்டாசியம் புரோமேட்டுக்கு இந்தியாவில் 2016-ல் தடை வந்தது. வீட்டில் அதெல்லாம் தேவையில்லை. இரண்டாம் முறை செய்யும்போது, 300 கிராம் மைதாவிலிருந்து 20 கிராமை எடுத்து, 100 மி.லி. பாலில் கரைத்துச் சிறு தீயில் கூழாகக் காய்ச்சி ஆற வைத்து, மீதி மாவோடு 90 மி.லி. பாலும் சேர்த்துப் பிசையுங்கள். வெந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பன் சீக்கிரம் விறைக்காது.

தேங்காய் சேர்ந்த பண்டம் என்பதால் வெளியே ஒரு நாள்தான். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் ஊசாது, ஆனால் பன் இன்னும் வேகமாக விறைக்கும். தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். எடுத்து அரை மணி வெளியே வைத்து, 150 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் போதும்.

இதே மாவில் தேங்காய்க்குப் பதில் சீனிச்சம்பலை (வெங்காயம், மிளகாய், சீனி சேர்த்து வதக்கிய தொட்டுக்கை) நன்றாக வற்ற வதக்கி வைத்தால் இலங்கைச் சீனிச்சம்பல் பணிஸ். அதற்கு மாவில் சர்க்கரையை 25 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், செர்ரியும் வேண்டாம்.