ஆட்சிக்கு வந்தவர்கள் அரசாங்க சேவையைச் சீர்திருத்துவது எப்படி? சிங்கப்பூர் போன வழி

வெளிநாடுகளிலிருந்து சிங்கப்பூருக்குப் பயிற்சிக்கு வரும் அதிகாரிகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். அவர்களில் பலர் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றித்தான். நல்ல சம்பளம் கொடுத்ததால் இங்கே லஞ்சம் ஒழிந்தது என்று நம்புகிறார்கள். உண்மையில் பெரிய சம்பளம் கடைசியாகத்தான் வந்தது. புதிதாகப் பதவியேற்கும் அமைச்சர் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் உங்கள் சம்பளத்தில் கைவையுங்கள். 1959 ஜூனில் லீ குவான் இயூவின் அமைச்சரவை பதவியேற்றபோது கஜானாவில் பற்றாக்குறை. அமைச்சர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள், அதுவரை சரி. நிதியமைச்சர் கோ கெங் சுவீ அரசாங்க ஊழியர்களின் படியையும் வெட்டினார். ஊழியர்கள் கொதித்துப்போனார்கள். பின்னர் படியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த இரண்டாவது வெட்டைப் பின்பற்றாதீர்கள். குடும்பச் செலவுக்கே தவிப்பவரிடம் நாட்டு நலன் பேசினால் காதில் ஏறாது.

அடுத்தது, அதிகாரிகளுக்கு மக்களைக் காட்டுவது. ஆங்கிலேயர் பழக்கிவைத்த அதிகாரிகளுக்குக் குடிசைப் பகுதிகளும் சீனப் பள்ளி மாணவர்களின் கோபமும் தூரத்துச் செய்திகளாகவே இருந்தன. 1959 ஆகஸ்டில் அவர்களுக்காகவே அரசியல் ஆய்வு மையம் திறக்கப்பட்டது. அதை நடத்தியவர் ஜார்ஜ் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. நீங்களும் அப்படி ஒன்றைத் தொடங்கினால் கட்சிக் கொடி வாசலோடு நிற்கட்டும். பாடம் நாட்டின் பிரச்சினைகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். தலைவர் புகழ் பாடத் தொடங்கினால் துதிபாடிகள்தான் மேலே வருவார்கள்.

நியமனத்திலும் பதவி உயர்விலும் தலையிடாதீர்கள். அதிகாரிகளின் நியமனத்தையும் பதவி உயர்வையும் கவனிக்கும் பொதுச் சேவை ஆணையம் இங்கே 1951 முதலே இருந்தது. புதிய ஆட்சி அதைக் கலைக்கவில்லை. கொள்கையை வகுப்பது உங்கள் உரிமை. இன்னாருக்கு இந்த நாற்காலி என்று சொல்வது உங்கள் வேலை இல்லை. இதற்கு நான் கற்றுத்தரும் பழக்கம் எளியது. அமைச்சர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், அதிகாரி உடனே கோப்பைத் திறந்து தேதி, நேரம், பேசியவர் பெயர், கேட்டது என்ன, தான் சொன்ன பதில் என்ன என்று நான்கைந்து வரிகள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதப்படும் என்று தெரிந்தால் முறையற்ற அழைப்புகள் தாமாகவே குறையும். இதை அதிகாரி தயங்காமல் செய்யவேண்டுமென்றால், "எழுதுங்கள்" என்று அமைச்சரே முதல் நாளில் ஆணையிட வேண்டும்.

சட்டத்துக்கும் பல் வேண்டும். 1960இல் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, வருமானத்துக்கு மீறிய சொத்துக்குக் கணக்குக் காட்ட முடியாவிட்டால் நீதிமன்றம் அதையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய பணத்துக்குக் காரியம் செய்து கொடுக்கவில்லை என்று சொல்லியும் தப்ப முடியாது. ஆனால், சட்டம் உங்கள் ஆட்கள்மீது பாயும்வரை யாரும் நம்பமாட்டார்கள். துணை அமைச்சர் நிலையில் இருந்த வீ தூன் பூன் 1975இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான்மீதே விசாரணை நடந்தது. ஊழலை விசாரிக்கும் புலனாய்வுப் பிரிவு பிரதமரின் கீழ் இருப்பதில் ஆபத்து உண்டு. அதனால் பிரதமர் மறுத்தாலும் அதிபரின் இசைவோடு விசாரிக்கலாம் என்று 1991இல் அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள். நீங்கள் இந்தப் பூட்டைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

அவசர வேலைகளுக்கு, அமைச்சகத்துக்கு வெளியே தனிச் சட்டத்தின்படி இயங்கும் கழகம் அமைக்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இலும், பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1961இலும் அப்படித்தான் பிறந்தன.

இவை வேரூன்றிய பிறகு சம்பளத்துக்கு வாருங்கள். 1970களிலிருந்து படிப்படியாக உயர்த்தினார்கள். அமைச்சர்கள், மூத்த அதிகாரிகளின் சம்பளத்தைத் தனியார் துறையில் அதிகம் சம்பாதிப்பவர்களின் வருமானத்தோடு இணைத்த வெள்ளை அறிக்கை 1994இல்தான் வந்தது. அது மிகையென்று மக்கள் முறுமுறுத்தார்கள். 2011 தேர்தலுக்குப் பிறகு மறுஆய்வுக் குழு அமைத்து, அமைச்சர்களின் சம்பளத்தைக் கணிசமாகக் குறைத்தார்கள். ஆகவே சம்பள விகிதத்தை நிர்ணயிக்கும்போதே, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அதை வெளியார் குழு ஆராயும் என்பதையும் அதே ஆணையில் எழுதிவையுங்கள்.