புதிய தாதி உதவியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பயிற்சியை முடித்து, தாதி உதவியாளராக முதன்முதலில் வைத்தியசாலை விடுதிக்குள் செல்லும் இளையவர்கள் பலர், மருந்தும் ஊசியும் தம் பொறுப்பில் இல்லாததால் தமது வேலை சிறியது என்று எண்ணிவிடுகிறார்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் அவர்களே ஆதலால், அவருடைய உடலை அருகிலிருந்து அதிக நேரம் பார்ப்பவர்களும் அவர்களே. இதை உணராதபோதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, பார்க்காததைப் பதிவேட்டில் எழுதுவது. சுவாசத்தை எண்ணாமலே எல்லா நோயாளிகளுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. வளர்ந்தவர் ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை சுவாசிப்பது வழக்கம்; உடல்நிலை மோசமாகும்போது பல வேளைகளில் இந்த எண்ணிக்கையே முதலில் உயர்கிறது. எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்தபடியே ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும்போதும் அவசரம் கூடாது. வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடமாவது அமரவைத்து, பட்டியைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல், கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, பேச்சுக் கொடுக்காமல் அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். உட்கொண்ட நீரையும் வெளியேறிய சிறுநீரையும் குறிக்கும் தாளில், உறவினர் கொடுத்த ஒரு கோப்பை தேநீரும் இடம்பெற வேண்டும்.

உணவூட்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் விடியற்காலையில் புறப்பட்டு வரும் உறவினர்கள், வீட்டில் அவித்த பிட்டையும் இடியப்பத்தையும் ஆசையோடு கொண்டுவருவார்கள். பாரிசவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்தவருக்கு, உதிரியான பிட்டு தொண்டையில் சிக்கலாம் அல்லது சுவாசக் குழாய்க்குள் போகலாம். சிறுநீரக நோயாளிக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் தீங்காக முடியலாம். கொண்டுவந்தவரின் மனம் நோகக் கூடாது என்று பேசாமல் இருந்துவிடுவது புதியவர்கள் பலரும் செய்யும் தவறு. "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ, மிஸ்ஸிட்டக் (தாதியிடம்) கேட்டிட்டுக் குடுப்பம்" என்று சொன்னால் எவரும் கோபிக்கப் போவதில்லை. படுத்த நிலையில் ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு சிறு வாயாகக் கொடுத்து, உண்ட பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கவிட வேண்டும்.

எழுந்து நடமாட இயலாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்வார்கள். புரட்டும்போது விரிப்பின் மேல் இழுத்தால் தோல் உரசிக் கிழியும். எனவே இருவராகத் தூக்கி நகர்த்த வேண்டும். நம்மவர்களின் கருமையான தோலில் படுக்கைப் புண்ணின் தொடக்கமான சிவப்பு எளிதில் தெரிவதில்லை. ஆகவே குதிக்கால், இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் சூடோ இறுக்கமோ கூடுதல் கருமையோ இருக்கிறதா என்று கையாலும் கண்ணாலும் தேட வேண்டும். அவ்வாறான இடத்தில் எண்ணெய் பூசி அழுத்தித் தேய்ப்பது நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அது உள்ளிருக்கும் சதையை மேலும் சிதைக்கும்.

கட்டிலைச் சுற்றி மறைப்புத் திரையை இழுக்காமல் உடல் துடைப்பதும் தவறே. கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் தாயானாலும் நிலாவெளியிலிருந்து வந்த தமிழ் முதியவரானாலும், துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடிவைப்பது அவர்களுக்குரிய மரியாதை. கந்தளாயிலிருந்து வரும் சிங்கள நோயாளியிடம் "ரிதெனவாத" என்று வலியைப் பற்றிக் கேட்கவும், "வத்துர" என்று அவர் தண்ணீர் கேட்டால் விளங்கிக்கொள்ளவும் முதல் வாரத்திலேயே பழகிவிடலாம்.

கட்டிலின் சக்கரங்களைப் பூட்டாமல் நோயாளியை இறக்குவது, முழங்காலை மடிக்காமல் முதுகை வளைத்துத் தூக்குவது, குழாய் வழியே சிறுநீர் சேரும் பையை இடுப்புக்கு மேலே பிடிப்பது ஆகியவை சில நாள் கவனத்தால் நீங்கிவிடும். ஆனால் பயத்தால் மறைப்பது அப்படி நீங்குவதில்லை. பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால், ஏச்சு விழும் என்று அஞ்சி ஒளிக்கக் கூடாது. உடனே சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, பொறுப்பான தாதியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை முந்தியே, தொடங்க வேண்டும். அவ்வாறே, ஒட்சிசன் அளவை மாற்றும்படியோ சேலைனின் வேகத்தைக் கூட்டும்படியோ உறவினர் வற்புறுத்தினால், அது தம் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று சொல்லித் தாதியை அழைப்பதே சரி.

இந்தப் பணி உடலை வருத்தும். இரவுக் கடமை முடிந்த காலையில் கால்கள் கனக்கும். எனினும், நேற்றுவரை சோற்றைத் தள்ளிவைத்த ஐயா இன்று தாமே கரண்டியைப் பிடிப்பதை முதலில் காணும் வாய்ப்பு இந்தப் பணியில் உள்ளவர்களுக்கே கிடைக்கிறது. அதைக் கண்டவர், கடமை கைமாறும் வேளையில், எவ்வளவு உண்டார், எந்தக் கையால் உண்டார், இடையில் இருமினாரா என்பதையும் அடுத்து வருபவரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும்.