கேனிஸ்டர் ஃபில்டரில் தண்ணீர் வரத்துக் குறைந்தால்: அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

மீன் தொட்டிக்கு வெளியே டப்பா வடிவில் இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரில் தண்ணீர் வரத்துக் குறைந்தவுடன் பலரும் செய்வது, டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பதை எல்லாம் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவிவிடுவதுதான். வரத்து அன்றைக்குக் கூடிவிடும். ஆனால் மீன் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் போன்ற வடிபொருள்களில்தான் குடியிருக்கின்றன. அவற்றைக் குளோரின் கலந்த நீரில் அலசி வெளியேற்றிவிட்டால், சில நாட்களில் தண்ணீர் கலங்கி, மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கும். வரத்துக் குறைவுக்கான காரணம் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தை முதலில் கண்டறிந்து, அதில் மட்டும் கைவைப்பதே சரியான வழி.

கேனிஸ்டர் ஒரு மூடிய சுற்று. தொட்டியிலிருந்து ஒரு ஹோஸ் வழியாக நீர் இறங்கி டப்பாவை நிரப்புகிறது. டப்பாவின் தலையிலுள்ள சிறு மோட்டார் அதை வடிபொருள்களின் வழியாக இழுத்து, இன்னொரு ஹோஸ் வழியாக மேலே அனுப்புகிறது. இறங்கும் நீரின் எடையும் ஏறும் நீரின் எடையும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால், மோட்டார் வெல்ல வேண்டியது வழியிலுள்ள தடைகளை மட்டுமே. அதற்கேற்பச் சில வாட் திறனுள்ள மோட்டாரைத்தான் வைக்கிறார்கள். ஹோஸின் உட்சுவரில் ஒரு மெல்லிய பாசிப் படலம் படிந்தாலும் வரத்துச் சட்டென விழுவது இதனால்தான்.

முதலில் அளக்க வேண்டும்

கண்ணால் பார்த்து "குறைந்தது போல இருக்கிறது" என்று சொல்வது போதாது. பத்து லிட்டர் வாளி ஒன்றை ஒரு ஸ்டூலின் மேல், அதன் விளிம்பு தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய ஒத்திருக்கும்படி வைத்து, வெளியேறும் குழாயை அதற்குள் திருப்பி, நிரம்ப ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 600 லிட்டர். 40 நொடியில் நிரம்பினால் 900. 75 நொடி ஆனால் 480. வாளியைத் தரையில் வைத்து அளந்தால் புவியீர்ப்பின் உதவி சேர்ந்து, உண்மையைவிடக் கூடுதலான எண் கிடைக்கும். அளந்த நீரைத் தொட்டியிலேயே ஊற்றிவிடலாம்.

பெட்டியின் மேல் மணிக்கு 1,000 லிட்டர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அது பெரும்பாலும் வடிபொருள் எதுவும் இல்லாமல் மோட்டார் மட்டும் தள்ளக்கூடிய அளவு. கூடைகளை நிரப்பிய பிறகு அதில் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோ கிடைத்தால் அது நலமாக இருக்கும் ஃபில்டர்தான். ஃபில்டர் புதிதாக இருந்தபோது, அல்லது கடைசியாகச் சுத்தம் செய்தவுடன் கிடைத்த அளவோடு இன்றைய அளவை ஒப்பிடுவதே பொருளுள்ள ஒப்பீடு.

டப்பாவைத் திறப்பதற்கு முன் வெளியே பார்க்க வேண்டியவை சில உண்டு. செட்டிநாட்டுக் கோடையில் மூடியில்லாத தொட்டி வேகமாக வற்றும். நீர்மட்டம் உறிஞ்சு குழாய்க்கு அருகில் இறங்கியிருந்தால், மோட்டார் நீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். உறிஞ்சு குழாயின் சல்லடையில் இலையோ, அதன் மேல் மாட்டிய ஸ்பாஞ்சில் கசடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவின் தலையிலுள்ள இரட்டை வால்வின் கைப்பிடி, போன முறை கழற்றி மாட்டியபோது முழுதும் திரும்பாமல் நின்றிருக்கலாம். ஸ்டாண்டின் பின்னால் ஹோஸ் மடிந்திருக்கலாம். திரும்பி வரும் நீரைத் தொட்டிக்குள் தெளிக்கும் ஸ்ப்ரே பாரின் துளைகளைப் பாசி அடைத்திருக்கலாம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு ஊசியும் அதற்குப் போதும்.

சுற்றைப் பிரித்துச் சோதித்தல்

வெளியே குறை ஒன்றும் இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்து, வால்வுகளை மூடி, டப்பாவைத் திறந்துகொள்ளுங்கள். நீரில் கைவைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது என்பது விலக்கில்லாத விதி. கூடைகளிலுள்ள வடிபொருள்களை அப்படியே எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய ஒரு வாளியில் மூழ்க வையுங்கள். வெறும் கூடைகளைத் திரும்ப உள்ளே வைத்து மூடி, ஃபில்டரை ஓடவிட்டு மீண்டும் வாளியில் அளந்து பாருங்கள்.

வரத்து முழுதாகத் திரும்பினால் அடைப்பு வடிபொருளில் இருக்கிறது. திரும்பவில்லையென்றால் வடிபொருளைத் தொடவே வேண்டாம். குறை ஹோஸிலோ, மோட்டாருக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இறக்கையான இம்பெல்லரிலோ, உள்ளே சிக்கிய காற்றிலோ இருக்கிறது. சில நிமிடங்களில் முடியும் இந்த ஒரு சோதனை, தேவையில்லாத கழுவலிலிருந்து பாக்டீரியாக்களைக் காப்பாற்றுகிறது. இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கழுவத் தொடங்குவதை எந்தச் சூழலிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வடிபொருளில் அடைப்பு என்றால், குற்றவாளி பெரும்பாலும் கடைசியாக வைக்கும் வெள்ளைப் பஞ்சுதான். அது மிக நுண்ணிய தூசியைப் பிடிப்பதற்காக வைப்பது, விலையும் குறைவு, தயங்காமல் மாற்றிவிடலாம். கரடான ஸ்பாஞ்சைத் தொட்டி நீரிலேயே இரண்டு முறை பிழிந்தெடுத்தால் போதும். செராமிக் வளையங்களை அதே நீரில் இலேசாக ஆட்டி எடுத்தால், மேலே ஒட்டிய சேறு போய்விடும். காரைக்குடியில் நல்ல தண்ணீர் என்று பேர்பெற்ற சம்பை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வீடானாலும் சரி, குளோரின் கலந்து வரும் குழாய் நீரை வடிபொருளின் மேல் நேரடியாகப் படவிடக் கூடாது.

ஹோஸைச் சோதிப்பது எளிது. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே பழுப்பு நிறப் படலம் தெரியும். 16 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸில் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் படிந்தால் மிஞ்சுவது 12 மில்லிமீட்டர். நீர் செல்லும் பரப்பு 56 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. இரு முனையிலும் பிரஷ் உள்ள நீண்ட கம்பியை நுழைத்து இழுத்து, உள்ளே வெந்நீர் விட்டு அலசுங்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவை ஒட்டித் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் முற்றத்து வெயில் ஹோஸின் மேல் விழுந்து உள்ளே பச்சைப் பாசி வளர்வது சாதாரணம். கறுப்பு நிற ஹோஸுக்கு மாறினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். தேவைக்கு மேல் நீளமாகச் சுற்றிக் கிடக்கும் ஹோஸையும் வெட்டிக் குறைத்துவிடுங்கள்.

இம்பெல்லரும் உப்புத் தண்ணீரும்

எங்கள் பகுதியில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இம்பெல்லர். ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டிக்குப் பயன்படுத்தும் வீடுகளில், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போன்ற அதே வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு, இம்பெல்லரின் காந்த உருளையிலும் அது சுழலும் குழியிலும் மெல்ல மெல்ல ஏறும். மூடியைத் திருகிக் கழற்றி இம்பெல்லரை வெளியே எடுத்தால், விரல் நகத்தால் சுரண்டும்போது சொரசொரவென்று உதிரும். உருளைக்கும் குழிக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகக் குறுகியது என்பதால், அந்தப் படிவு சுழற்சியை நெருக்கி, சத்தத்தையும் சூட்டையும் கூட்டுகிறது. மின்தடைக்குப் பின் மோட்டார் திரும்பக் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நிற்பதற்கும் அதுவே காரணமாகிறது.

வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சமஅளவு கலந்து, இம்பெல்லரை அதில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் படிவு கரைந்துவிடும். குழிக்குள்ளும் அதே கலவையைச் சிறிது ஊற்றி வைத்துத் தேய்த்துவிட்டு, எல்லாவற்றையும் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். இம்பெல்லரின் நடுவே செல்லும் செராமிக் தண்டு கண்ணாடி வளையலைப் போல எளிதில் ஒடியும். அதை வளைத்து இழுக்காமல் நேராக உருவி எடுக்க வேண்டும். தண்டின் முனைகளிலுள்ள ரப்பர்களில் ஒன்று விடுபட்டாலும் இம்பெல்லர் கடகடக்கும்.

இந்த வேலையை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மேல் செய்யாதீர்கள். அந்தக் கல் சிமெண்டால் வார்க்கப்பட்டது; வினிகர் சிந்தினால் மேற்பரப்பை அரித்து, பூ வேலைப்பாட்டின் நடுவே மங்கிய திட்டை விட்டுவிடும். பிறகு எத்தனை முறை துடைத்தாலும் பழைய மெருகு வராது. பின்கட்டிலோ, கிணற்றடியிலோ, ஒரு பிளாஸ்டிக் தாம்பாளத்துக்குள் வைத்துச் செய்வது நல்லது.

படிவு திரும்ப வருவதைத் தாமதப்படுத்தவும் வழி உண்டு. நீர் ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. குறைந்த அளவை மறுபடியும் ஆழ்துளைக் கிணற்று நீராலேயே நிரப்பினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். வற்றியதை மட்டும் ஆர்.ஓ. நீராலோ மழைநீராலோ ஈடு செய்யுங்கள். வளவின் ஓட்டுக் கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததைப் பிளாஸ்டிக் தொட்டியில் பிடிக்க வேண்டும். செம்பு அண்டாவிலோ, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திலோ தேங்கிய நீரை மீன் தொட்டியில் ஊற்றக் கூடாது. நீரில் கரையும் செம்பு மீன்களுக்குக் கெடுதல். இறால்களையும் நத்தைகளையும் அது கொன்றே விடும்.

காற்று

ஃபில்டர் கொப்பளிக்கும் சத்தத்தோடு ஓடினால், அல்லது வெளியேறும் நீரில் பொடிக் குமிழிகள் தொடர்ந்து வந்தால், டப்பாவின் தலையில் காற்று சிக்கியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பாவை மெல்ல இரு பக்கமும் சாய்த்தால் காற்று வெளியேறும். சாய்த்த பிறகும் சில மணி நேரத்தில் திரும்பச் சேர்ந்தால், காற்றுப் பம்பின் குமிழிகளை விடும் காற்றுக்கல் உறிஞ்சு குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உறிஞ்சும் பக்கத்து இணைப்பு ஒன்று தளர்ந்திருக்கிறது, அல்லது நீரும் காற்றும் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கிறது. ஓ-ரிங்கில் சிலிகோன் கிரீஸ் மட்டுமே தடவ வேண்டும். வாஸ்லைன் சில வகை ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

மின்சாரம்

வோல்டேஜ் குறைவால் வரத்தும் மெல்லக் குறைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். சாதாரணக் கேனிஸ்டர் மோட்டாரின் சுழற்சி வேகம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணோடு பூட்டப்பட்டது. ஓடும் மோட்டார் அதே வேகத்தில் ஓடும், வோல்டேஜ் மிகவும் தாழ்ந்தால் நின்றுவிடும், அல்லது கிளம்ப மறுக்கும். ஆகவே வரத்துப் படிப்படியாகக் குறைந்துவந்தால் மின்வாரியத்தின் மேல் பழி போடாமல் அடைப்பைத் தேடுங்கள். நம்மைப் போன்ற வோல்டேஜும் 60 ஹெர்ட்ஸ் அலைவெண்ணும் உள்ள நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஃபில்டர் மட்டும் இதற்கு விலக்கு: இங்கே அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது இந்த மோட்டார்கள் உறுமுவதும் சூடாவதும் உண்டு. சைன் அலை இன்வெர்ட்டரே ஏற்றது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பல மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூடிய டப்பாவுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து, நீர் அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த நீர் அப்படியே தொட்டிக்குள் பாயாமல் இருக்க, முன்னதாகவே பிளக்கைப் பிடுங்கி வைத்து, டப்பாவிலுள்ள நீரைக் கொட்டி, வடிபொருளைத் தொட்டி நீரில் அலசிய பிறகே ஓடவிடுங்கள்.

குடும்பம் வெளியூரில் இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் பொறுப்பில் தொட்டியை விட்டிருப்பவர்கள் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் இருக்கிறார்கள். "மோட்டார் சத்தம் கேக்குதுங்கய்யா, தண்ணிதான் சொட்டுது" என்று அவர் தொலைபேசியில் சொன்னால், டப்பாவைத் திறக்கச் சொல்லாதீர்கள். உறிஞ்சு குழாயின் ஸ்பாஞ்சைக் கழற்றித் தொட்டி நீரில் பிழிந்து மாட்டவும், இரையைப் பாதியாகக் குறைக்கவும், ஒரு காற்றுப் பம்பை ஓடவிடவும் சொன்னால், நீங்கள் வந்து சேரும் வரை மீன்கள் தாங்கும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும், வெறும் கூடையோடு அளந்தாலும் வரத்து ஏறவில்லை என்றால், இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பாருங்கள். காந்த உருளை அசையாமல் இருக்க இறக்கை மட்டும் தடையின்றிச் சுற்றிச் சுற்றி வழுக்கினால், அல்லது இறக்கையின் ஓரங்கள் தேய்ந்திருந்தால், மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இறக்கை கால் சுற்றோ அரைச் சுற்றோ தளர்ந்து ஆடி நிற்பது பல மாடல்களில் இயல்பான அமைப்பு. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். காரைக்குடிக் கடைகளில் உங்கள் மாடலுக்கு உரிய இம்பெல்லர் கிடைக்காவிட்டால், சென்னை கொளத்தூர்க் கடைகளிலோ இணையத்திலோ, டப்பாவின் தலையிலுள்ள மாடல் எண்ணைச் சொல்லி, தண்டும் ரப்பரும் சேர்ந்த தொகுப்பாக வாங்குங்கள். மாட்டி முடித்ததும் அதே வாளியை அதே உயரத்தில் வைத்து அளந்து, கிடைத்த நொடிக் கணக்கையும் தேதியையும் டப்பாவின் மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை ஒப்பிடுவதற்கு அந்த எண் வேண்டும்.