கேரளா ஆயுர்வேத ரிசார்ட்: அறைக்கு முன்னால் வைத்தியரைத் தேடுங்கள்

கோவளம், வர்க்கலா, குமரகம் என்று எந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் தென்னை மரம், நீச்சல்குளம், நெற்றியில் எண்ணெய் ஒழுகக் கண்மூடிப் படுத்திருக்கும் ஒரு பெண், இந்த மூன்று படமும்தான் மாறி மாறி வரும். அதைப் பார்த்துவிட்டுக் கடல் தெரிகிற அறையாகப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால் அறையைக் கடைசியாகப் பாருங்கள். ஆயுர்வேத ரிசார்ட்டில் உங்களுக்கு ஓய்வு தரப்போவது, காலையில் உங்களைப் பார்த்து இன்றைக்கு எது செய்யலாம், எது வேண்டாம் என்று சொல்கிற வைத்தியர், கை பழகின தெரபிஸ்ட், அப்புறம் வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாத ஒரு நாள். இவை அமைந்துவிட்டால் தோட்டத்தைப் பார்த்த சாதாரண அறையிலேயே உடம்பு இளகிவிடும்.

முதலில் எத்தனை நாள் என்பதை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். சனி, ஞாயிறு மட்டும்தான் கிடைக்கும் என்றால் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்க்கிற அபியங்கம், நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடுகிற ஒரு சிரோதாரை, நல்ல தூக்கம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே பெரிய விஷயம். ஆனால் உடம்பைச் சுத்தம் செய்கிற பஞ்சகர்மா சிகிச்சையை இரண்டே நாளில் செய்து தருகிறோம் என்று ஒரு இடம் சொன்னால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கிற வமனம், பேதி போக வைக்கிற விரேசனம், எனிமா மாதிரியான வஸ்தி, மூக்கில் மருந்து விடுகிற நஸ்யம் என்று போகிற அந்தச் சிகிச்சைக்கு முன்னால் நெய் குடிக்க வைப்பது, எண்ணெய் தேய்ப்பது, வியர்க்க வைப்பது என்று உடம்பைத் தயார் பண்ணவே பல நாள் பிடிக்கும், முடிந்த பிறகு கஞ்சியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பவும் நாள் வேண்டும். 7, 14, 21 நாள் என்று பேக்கேஜ் போடுவது அதனால்தான். நோய்க்கான சிகிச்சை இல்லை, ஓய்வுதான் நோக்கம் என்றால் ஐந்திலிருந்து ஏழு நாள் சரியாக இருக்கும். முதல் இரண்டு நாள் மனசு ஆபீஸிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குப் பிறகுதான் தூக்கம் ஆழமாக வர ஆரம்பிக்கும்.

எப்போது போவது? டிசம்பர், ஜனவரியில் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். நான் சொல்வது ஆடி மாதம். அது மலையாளிகளுக்குக் கர்க்கடகம், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. காற்றில் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கிற அந்த மழைக்காலத்தில்தான் உடம்பு எண்ணெயையும் மருந்தையும் நன்றாக ஏற்றுக்கொள்ளும் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம், வீட்டிலேயே கர்க்கடகக் கஞ்சி என்ற மருந்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள். நமக்கும் ஆடியில் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று எதுவும் இருக்காது, லீவு போடுவது சுலபம், ரிசார்ட்டுகளிலும் வாடகை இறங்கியிருக்கும். ஒரே குறை, கடலில் இறங்க முடியாது. கோவளத்திலும் வர்க்கலாவிலும் அந்த மாதங்களில் அலை மூர்க்கமாக இருக்கும், சிவப்புக் கொடி நட்டிருந்தால் கால் நனைக்கக்கூடப் போகாதீர்கள், லைஃப்கார்டு விசில் அடித்தால் மறுபேச்சு பேசாமல் திரும்பிவிடுங்கள். குழந்தைகளைக் கடலில் குளிக்க வைப்பதுதான் ஆசை என்றால் அதற்கு வேறு மாதம், வேறு பயணம்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இதில் பெரிய வேலை. கேரள சுற்றுலாத் துறை ஆயுர்வேத மையங்களைத் தரம் பிரித்துச் சான்று தருகிறது, பல இடங்களில் அந்தத் தரத்தைச் சொல்கிற பலகையைப் பார்க்கலாம். சில ஆயுர்வேத மருத்துவமனைகள், மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கிற தேசிய அமைப்பான என்.ஏ.பி.எச். அங்கீகாரமும் வாங்கியிருக்கின்றன. பலகை இருக்கிறது என்பதோடு விட்டுவிடாமல் சான்று இந்த வருஷம் செல்லுபடியாகுமா என்று கேளுங்கள். அப்புறம் ஒரு போன் போடுங்கள். ரிசப்ஷனில் பேசி முடித்துவிடாமல் வைத்தியரிடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேத மருத்துவப் பட்டம் படித்த வைத்தியர் ரிசார்ட்டிலேயே இருக்கிறாரா, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வந்து போகிறவரா? தினமும் பார்ப்பாரா? உங்களுக்கு முதுகு வலி என்றோ தூக்கமே வருவதில்லை என்றோ சொன்னதும் அவர் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டால் நல்ல இடம். எதுவும் கேட்காமல் நேராகப் பேக்கேஜ் விலைக்குத் தாவினால் அது எண்ணெய் தேய்க்கிற கடை, அவ்வளவுதான்.

பணம் பேசும்போது கூச்சமே வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை சிகிச்சை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம், சாப்பாடு சேர்த்தா, வைத்தியர் ஃபீஸ் தனியா, உள்ளுக்குக் கொடுக்கிற கஷாயத்துக்கும் அரிஷ்டத்துக்கும் பில் வருமா, வரி சேர்த்த தொகை எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறை வாடகை ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஒரு வாரத்துக்கு அது நல்ல தொகை, அதனால் 7,500-க்குள் இருக்கிற அறையை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சிகிச்சைக்குச் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் தெரபிஸ்ட் என்பது கேரளாவில் ஒழுங்கான எந்த மையத்திலும் மாறாத விதி, இருந்தாலும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், குறிப்பாகத் தனியாகப் போகிற பெண்கள்.

வைத்தியரைப் பார்க்கும்போது எதையும் மறைக்காதீர்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை, பழைய ஆபரேஷன், கர்ப்பம், மாதவிடாய் வரப்போகிற தேதி, எள் ஒத்துக்கொள்ளாதது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெரும்பாலான தைலம் நல்லெண்ணெயில் காய்ச்சியது, அதனால் கடைசியாகச் சொன்னதை மறந்துவிடக் கூடாது. மாதவிடாய் நாட்களில் பொதுவாகச் சிகிச்சையை நிறுத்திவைப்பார்கள், தேதியைப் பார்த்து அறை போட்டால் பணம் வீணாகாது. காய்ச்சல் இருந்தால் எண்ணெய் தேய்க்க மாட்டார்கள், அதற்கு அவர்களிடம் சண்டை போடாதீர்கள். முக்கியமாக, ஊரில் உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம், யார் சொன்னாலும் சரி.

மூட்டையில் என்ன வேண்டும்? எண்ணெய்க் கறை பட்டால் கவலைப்படாத பழைய பருத்தித் துணி, முன்பக்கம் திறக்கிற நைட்டி அல்லது தளர்ந்த சட்டை, வழுக்காத செருப்பு, கொசுவுக்கு எதையாவது ஒன்று. மழைக்காலத்தில் துவைத்தது இரண்டு நாள் ஆனாலும் காயாது, அதனால் உள்ளாடை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தங்கச் சங்கிலி, மோதிரம், கான்டாக்ட் லென்ஸ் எதுவும் சிகிச்சை அறைக்குள் வேண்டாம். காபி விடாமல் குடிக்கிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வாருங்கள், பல ரிசார்ட்டுகளில் காபியே தர மாட்டார்கள், ஒரேயடியாக விட்டால் முதல் இரண்டு நாளும் தலைவலியில் போய்விடும்.

அறையைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. சிகிச்சை நடக்கிற இடத்துக்குப் பக்கமாக, படி ஏறத் தேவையில்லாத தரைத்தள அறையாகக் கேளுங்கள். எண்ணெயோடு மழையில் நனைந்த கல்படியில் ஏறுவது ஆபத்து. ஏசியைவிட நல்ல மின்விசிறியும் காற்று வருகிற ஜன்னலும் முக்கியம், எண்ணெய் தேய்த்த உடம்பில் ஏசிக் காற்று படக் கூடாது என்று வைத்தியரே சொல்வார்.

சரி, சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். உடை மாற்றிக்கொள்ள மெல்லிய துணியில் கோவணம் மாதிரி ஒன்று கட்டிவிடுவார்கள், சில இடங்களில் பேப்பர் துணியிலும் இருக்கும். சங்கடமாக இருந்தால் மேலே தோர்த்து என்கிற மெல்லிய துண்டைப் போட்டுவிடச் சொல்லலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். படுக்க வைப்பது எண்ணெய்த் தோணியில், விளிம்பு உயர்ந்த மரப்பலகை அது, வழிகிற எண்ணெய் ஒரு ஓரமாக ஓடி இறங்கப் பள்ளம் வெட்டியிருக்கும். சிரோதாரைக்குக் கண்ணில் பஞ்சு வைத்து, புருவத்துக்கு மேலே துணியைத் திரித்துக் கட்டுவார்கள், எண்ணெய் கண்ணுக்குள் இறங்காமல் இருக்க. தலைக்கு மேல் தொங்குகிற சட்டியின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு திரி. வெதுவெதுப்பான க்ஷீரபலா தைலம் அதன் வழியாக நூல் பிடித்த மாதிரி நெற்றியில் விழும். தெரபிஸ்ட் சட்டியை மெதுவாக ஆட்ட, இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டுக்கும் திரும்பவும் எண்ணெய் போய் வரும். தோணியில் சேர்கிறதை இன்னொருவர் எடுத்து, சூடு சரிபார்த்துத் திரும்பச் சட்டியில் ஊற்றிக்கொண்டே இருப்பார். முப்பது, நாற்பத்தைந்து நிமிஷம். முதல் சில நிமிஷம் எண்ணெய் எங்கே போகிறது என்று மனசு கூடவே அலையும், அப்புறம் அதை விட்டுவிடும். தூங்கிவிட்டாலும் பரவாயில்லை. சூடு அதிகமாகத் தெரிந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு படுத்திருப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

எனக்கு இன்னும் பிடித்தது ஞவரக்கிழி. ஞவரை என்ற கேரள மருத்துவ அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டி என்ற மூலிகையின் கஷாயத்திலும் குழைய வேகவைத்து, துணியில் முடிச்சாகக் கட்டி, அந்தப் பால் கஷாயத்திலேயே தோய்த்துத் தோய்த்து இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒத்தடம் கொடுத்துத் தேய்ப்பார்கள். அறை முழுக்கப் பால் பாயசம் காய்ச்சுகிற வாசனை வரும். முடியும்போது உடம்பெல்லாம் வெள்ளைப் பசை அப்பியிருக்கும், அதைத் தென்னை ஓலையால் வழித்து எடுத்துவிட்டு மறுபடி எண்ணெய் தடவுவார்கள். உடம்பு இளைத்து, அலுத்துக் கிடக்கிறவர்களுக்கு வைத்தியர் பெரும்பாலும் இதைச் சொல்வார். தூக்கி நிறுத்துகிற சிகிச்சை, ஆனால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் முடியாது.

கடைசியில் பயறு மாவு தேய்த்து வெந்நீரில் குளிக்க வைத்து, உச்சந்தலையில் ராஸ்னாதி சூரணம் என்ற மூலிகைப் பொடியைச் சிட்டிகை வைத்துத் தேய்த்துவிடுவார்கள், சளி பிடிக்காமல் இருப்பதற்கு. தலைக்கு ஊற்றுகிற தண்ணீர் அவ்வளவு சூடாக இருக்கக் கூடாது. தரை வழுக்கும், தெரபிஸ்ட் கை கொடுத்தால் பிடித்துக்கொண்டே நடங்கள்.

இதற்குப் பிறகு மீதி நாளை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காலையில் சிரோதாரை, மத்தியானம் டாக்ஸி எடுத்துப் பத்மநாபசுவாமி கோயில், சாயங்காலம் மால் என்று ஓடினால் செய்ததெல்லாம் வீண். வெயில், காற்று, குளிர்ந்த தண்ணீர், நீச்சல்குளம், மது எதுவும் வேண்டாம். பகலில் தூங்கவும் விட மாட்டார்கள், கண் சொக்கினாலும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருங்கள், ராத்திரித் தூக்கம் அதற்கு ஈடாக வரும். போனை அறையில் பூட்டி வைத்துவிட்டு சாயங்காலம் ஒரு முறை மட்டும் வீட்டுக்குப் பேசுங்கள். ஊர் சுற்ற ஆசை இருந்தால் சிகிச்சை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு நாளை அதற்கு ஒதுக்கிவிடலாம்.

சாப்பாடு காரமும் புளியும் குறைவாக, சைவமாக இருக்கும். கஞ்சியும் பயறும், ஆவியில் வெந்த காய்கறி, பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். ஊறுகாயை ஒளித்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வயிற்றுக்குக் கொடுக்கிற ஓய்வும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி, இரண்டாம் நாளிலிருந்து அந்தக் கஞ்சியே ருசிக்கும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் கணவனுக்குக் காலையில், மனைவிக்குப் பிற்பகலில் என்று நேரத்தை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் பாட்டி தாத்தாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் சிகிச்சை முடிந்து வந்ததும் பிள்ளைக்குச் சோறு ஊட்ட உட்காருகிற அம்மாவுக்கு ஓய்வு எங்கிருந்து வரும்? வருஷம் முழுக்க எல்லோருக்கும் செய்கிறவளுக்கு ஒரு வாரமாவது யாராவது செய்யட்டும்.

திரும்புகிற நாளில் சிகிச்சை வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் வைத்தியரைப் பார்த்து வீட்டில் எத்தனை நாள் பத்தியம், எப்போதிலிருந்து மீன், கறி சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கொடுக்கிற மருந்து ஒவ்வொன்றிலும் பெயர், தயாரித்த கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி அச்சிட்டிருக்க வேண்டும். லேபிள் இல்லாத பொட்டலத்தில் பொடியோ, உலோகத்தையோ தாதுவையோ புடம் போட்டுச் செய்த பஸ்மமோ கொடுத்தால் வாங்காதீர்கள், உலோகம் சேர்ந்த மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும். தெரபிஸ்டுகளுக்குக் கொடுக்க நினைப்பதை அவர்கள் கையிலேயே கொடுங்கள், இடுப்பொடிய நின்று செய்கிற வேலை அது. ஊருக்கு ரயில் என்றால் லோயர் பெர்த்தாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் காற்று நேராகத் தலையில் படாமல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு படுங்கள், அடுத்த நாளே ஆபீஸுக்கு ஓடாமல் ஒரு நாள் வீட்டில் இருக்கிற மாதிரி லீவை நீட்டிக்கொள்ளுங்கள்.