பொருந்தாத விமானக் கிட்: பட்டியைத் திறக்கும் முன்

புதிதாகப் பிளாஸ்டிக் விமான மாடல் கட்ட வருகிறவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதில் ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நானும் அந்த வழியாக வந்தவன்தான். பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து (அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) முறுக்கிப் பிய்க்காதீர்கள், பசையை அள்ளிப் பூசாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். கிட்டே, அதாவது பெட்டியில் வரும் பாகங்களே, சரியாகப் பொருந்தாதபோது செய்யும் தவறுகள் வேறு. குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படும் ஷார்ட் ரன் கிட்டுகளும், பல காலம் உழைத்துத் தேய்ந்த அச்சுகளில் வரும் பழைய கிட்டுகளும் இந்தத் தொல்லையைக் கொடுக்கும். அவற்றையும் அழகாகக் கட்ட முடியும்.

முளைகளை நம்புவது

ஷார்ட் ரன் கிட்டில் இரு பாதிகளையும் கோத்துக் காட்டும் முளைகள் பெரும்பாலும் இருக்காது. பழைய கிட்டில் முளை இருக்கும், அதற்கான ஓட்டை கொஞ்சம் தள்ளி இருக்கும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அது உங்களைத் தவறான இடத்தில் பிடித்து வைக்கிறது. அப்படிப்பட்ட முளையை நறுக்கி எறியுங்கள். உட்புற விளிம்பில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கார்டு (மெல்லிய பிளாஸ்டிக் தகடு) துண்டுகளை ஒட்டினால் இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் நிற்கும். பிறகு டேப் போட்டு இறுக்கி, இரண்டு மூன்று சென்டிமீட்டராக ஒட்டிக்கொண்டே போங்கள். மெல்லிய சிமென்ட்டைத் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் நீர்த்த பசை) தொட்ட பிரஷ்ஷை இணைப்பில் வைத்தால் போதும், அது தானாக உள்ளே ஓடும்.

இறக்கை இடைவெளியைப் பட்டி வைத்து அடைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மாடலையே பாழாக்கும் தவறு இது.

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானம்) ஒன்றைக் கொண்டுவந்தார். வண்ணம் அருமை, கை நடுங்காமல் அடித்த உருமறைப்பு. ஆனால் இறக்கை உடலோடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும், பெயிண்ட்டுக்கு அடியில் ஒரு பள்ளம் ஓடியது. அங்கே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்திருக்கிறது. சந்துகளை அடைக்கும் களிம்பான பட்டியை அழுத்தி நிரப்பி, மறுநாளே உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்துவிட்டார். “தேய்க்கும்போது மட்டமாத்தானே இருந்துச்சு அண்ணா” என்றார். மட்டமாகத்தான் இருந்திருக்கும். கரைப்பான் கலந்த பட்டி மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே கிடக்கும். அந்தக் கரைப்பான் வெளியேற வெளியேறப் பட்டி சுருங்கி இறங்கும், அடியிலுள்ள பிளாஸ்டிக்கையும் இளக்கும். போதாததற்கு, அவர் தேய்த்த தேய்ப்பில் சுற்றியிருந்த பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறல்கள்) அழிந்துவிட்டன. இறக்கை மேலிருந்து உடலுக்கு வளைந்து ஏறும் அந்த அழகான வளைவும் தட்டையாகிவிட்டது. ஸ்பிட்ஃபயரை ஸ்பிட்ஃபயராகக் காட்டும் இடங்களில் அது ஒன்று.

1/72 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜ விமானத்தில் 7.2 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய பிளவு ஒரு காரணமும் இல்லாமல் வராது. முதலில் அந்தக் காரணத்தைத் தேடுங்கள். பசை போடாமல் டேப்பில் மட்டும் கோத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி என்றால், இறக்கை ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. அடியில் எங்கே முட்டுகிறது என்று பார்த்து அந்த இடத்தை அரத்தால் ராவுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், உடல் குறுகலாக இருக்கிறது, அல்லது இறக்கை போதுமான அளவு மேல்நோக்கிச் சாயவில்லை.

ஸ்பிட்ஃபயர் இறக்கைக்கு ஏறத்தாழ 6 டிகிரி மேல்சாய்வு உண்டு. கிட்டில் அது குறைந்தால் மேல் விளிம்பு உடலை விட்டு விலகி நிற்கும். ஓர் இறக்கை நுனியிலிருந்து உடலுக்கு மேலாக மறு நுனி வரை டேப்பை இழுத்து ஒட்டுங்கள். நுனிகள் மெல்ல எழும்ப எழும்ப, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி மூடிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு பக்கமும் சாய்வு சமமா என்று நேர் முன்னாலிருந்து பார்த்துவிட்டு, சிமென்ட் ஓடவிட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள்.

உடல்தான் குறுகல் என்றால், கழிவு ஸ்ப்ரூவில் ஒரு துண்டு வெட்டி, உடலின் உள்ளே இறக்கைக்கு நேராகக் குறுக்கே கொடுங்கள். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, சிறிது சிறிதாக ராவிக் குறைத்து, சுவர்கள் இறக்கையைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. குறிப்புத்தாள் இறக்கையின் மேல், கீழ் பாதிகளை முதலில் ஒட்டச் சொல்லும். அதைக் கேட்காமல் மேல் பாதிகளை நேரே உடலோடு ஒட்டிவிடுங்கள். மேலே இடைவெளியே இருக்காது. கீழ்ப் பாதியைப் பிறகு பொருத்தும்போது வரும் வித்தியாசம் வயிற்றுப் பக்கம் போய்விடும். அங்கே சரிசெய்வது எளிது.

இத்தனைக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் 0.25 அல்லது 0.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கார்டைச் செருகி ஒட்டுங்கள். அதுவும் அதே பிளாஸ்டிக்; சுருங்காது, சுற்றியுள்ள பரப்போடு ஒன்றாகத் தேயும், மேலே கோடும் கீறலாம். மயிரிழை அளவு மீதி இருந்தால்தான் பட்டி. அதுவும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பட்டியை வைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டால் உப்புத்தாளுக்கே வேலை இல்லை.

காக்பிட்டை (விமானி அமரும் அறை) வைத்து உடலை அழுத்தி மூடுவது

ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினால் மூடிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் உள்ளே திமிறிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பின்னொரு நாள் இணைப்பைப் பிளக்கும், அதுவும் பெயிண்ட் அடித்த பிறகு. காக்பிட் தொட்டியின் பக்கங்களைத் தேய்த்து ஒடுக்குங்கள், உடலின் உட்சுவரையும் சுரண்டி மெலிதாக்குங்கள். விரலால் லேசாகப் பிடித்தாலே இரு பாதிகளும் சேர வேண்டும்.

சூப்பர் க்ளூவை நிரப்பிவிட்டு மறுநாள் தேய்ப்பது

அன்றே தேயுங்கள். மறுநாள் அது கல்லாகியிருக்கும், பக்கத்துப் பிளாஸ்டிக்தான் தேய்ந்து போகும்.

மூக்கில் எடை வைக்க மறப்பது

மிக்-21 போல மூக்குச் சக்கரம் உள்ள விமானமா? உடலை மூடும் முன்பே வையுங்கள், இல்லையென்றால் வால் தரையில் உட்கார்ந்துவிடும்.

ப்ரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் பெயிண்ட்டுக்குப் போவது

போகாதீர்கள். சாம்பல் நிற ப்ரைமர் காட்டும் விரிசலை வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணால் பிடிக்க முடியாது.

கேனபியை (காக்பிட்டின் கண்ணாடி மூடி) சூப்பர் க்ளூவால் ஒட்டுவது

அதன் ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும். தச்சுவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை போதும். கேனபி அளவு சரியில்லாமல் ஓரத்தில் சந்து தெரிந்தால், அதே பசையை ஊசிமுனையால் சந்து நெடுக வைத்து, ஈரப் பிரஷ்ஷால் நீவிவிடுங்கள். காய்ந்ததும் நிறமில்லாமல் தெளிந்துவிடும். கோணலாக ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கி எடுத்து மறுபடி ஒட்டலாம்.