எதிர்ப்பொருளுக்கு ஏற்ற கதிரியக்க ஐசோடோப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புற்றுநோய்ச் செல்லைப் பற்றும் புரதமான எதிர்ப்பொருளுடன் கதிரியக்க ஐசோடோப்பை (கதிர்வீச்சை வெளியிடும் தனிம வகை) இணைத்தால், கட்டியைப் படமெடுக்கவும் அதற்குச் சிகிச்சை அளிக்கவும் முடியும். அதற்கு, புற்றுநோய்ச் செல்லின் பரப்பில் மிகுதியாகவும் இயல்பான திசுக்களில் குறைவாகவும் காணப்படும் இலக்கை முதலில் உறுதி செய்ய வேண்டும். சில மார்பகப் புற்றுநோய்களில் மிகும் ஹெர்2 புரதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

அடுத்து, ஐசோடோப்பின் அரை ஆயுட்காலத்தை (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) எதிர்ப்பொருள் கட்டியில் சேரும் காலத்தோடு பொருத்த வேண்டும். என் கருத்தில் முழு வேலையின் வெற்றியும் இதில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 150 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள முழு எதிர்ப்பொருள் இரத்தத்தில் பல நாட்கள் சுற்றிய பிறகே கட்டியில் தெளிவாகச் சேர்கிறது என்பதால், 110 நிமிட அரை ஆயுட்காலம் கொண்ட ஃப்ளூரின்-18 அதற்குப் பயன்படாது. ஏறக்குறைய 78 மணி நேர அரை ஆயுட்காலமுள்ள சிர்க்கோனியம்-89ஐ ஹெர்2 புரதத்தைப் பற்றும் டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்பொருளுடன் இணைத்து, சில நாட்கள் கழித்து பெட் ஸ்கேன் (உடலில் கதிரியக்கம் சேரும் இடத்தைக் காட்டும் படம்) எடுப்பதே பொருத்தமாகும். அன்றே படம் தேவையெனில், சுமார் 15 கிலோடால்டன் எடையுள்ள நானோபாடி என்ற சிறு எதிர்ப்பொருள் துண்டைக் கேலியம்-68 உடன் இணைக்கலாம். ஆனால் அது சிறுநீரகங்களில் பெருமளவு தேங்கும்.

ஐசோடோப்பை எதிர்ப்பொருளுடன் பிணைக்கும் இணைப்பு மூலக்கூறின் உறுதியில் சமரசம் கூடாது. டெஸ்ஃபெராக்ஸமின் என்ற இணைப்பு மூலக்கூறிலிருந்து பிரியும் சிர்க்கோனியம் எலும்பில் படிந்து, எலும்பில் பரவிய புற்றுநோய் போலத் தோன்றக்கூடும். இணைத்த பின்னும் எதிர்ப்பொருள் தன் இலக்கைப் பற்றுகிறதா என்பதை ஆய்வகத்தில் சோதித்தாக வேண்டும்.

சிகிச்சைக்கு லுட்டீசியம்-177, இட்ரியம்-90 போன்ற பீட்டா உமிழிகள் (செல்லை அழிக்கும் எலக்ட்ரான்களை வெளியிடும் ஐசோடோப்புகள்) பயன்படுகின்றன. அமெரிக்காவில் 2002ல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற செவாலின் மருந்தில் இட்ரியம்-90 உள்ளது. அந்த மருந்தைக் கொடுப்பதற்கு முன் ரிட்டுக்ஸிமாப் என்ற கதிரியக்கமற்ற எதிர்ப்பொருள் செலுத்தப்படுகிறது. நீண்ட நேரம் இரத்தத்தில் சுற்றும் கதிரியக்கம் எலும்பு மஜ்ஜையைப் பாதிப்பதால், இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பல வாரங்கள் கண்காணிக்க வேண்டும்.