பெரிய கோயிலும் மாமல்லையும் பார்க்கப் போகிறீர்களா? கைடைப் பார்த்துப் பிடியுங்கள்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் பிரகாரத்தில் நின்று பாருங்கள், நிழல் நீளமாகக் கிடக்கும். கேட்பவர்கள் வாய்பிளப்பதால் இந்தக் கதைக்கு இன்னும் மவுசு குறையவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு நம் வரலாற்றைக் காட்ட நினைப்பவர்கள், கைடு விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெடத்தான் வேண்டும்.

நுழைவாயிலில் வந்து பேசுபவரிடம் சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அட்டை இருப்பவர் எல்லாம் நன்றாகச் சொல்வார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் நடக்கத் தொடங்கும் முன் ஒரு கேள்வி போட்டுப் பார்க்கலாம். மாமல்லபுரத்தில் என்றால், "இந்தப் பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா?" ஒன்றை மட்டும் அடித்துச் சொல்பவரைவிட, இரண்டு கருத்தும் உண்டு என்று சொல்லி, நடுப்பிளவில் நாகர்கள் இருப்பதைக் காட்டி ஏன் கங்கை என்கிறார்கள் என்று விளக்குபவர் நல்ல கைடு. எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைக் காட்டிவிட்டு, கீழே யானைக்குப் பக்கத்தில் அதே மாதிரி கைதூக்கி நிற்கும் பூனையையும் சுற்றியிருக்கும் எலிகளையும் காட்டினார் என்றால், அவரை விடாதீர்கள். பிள்ளைகள் அந்தப் பூனையை மறக்கவே மாட்டார்கள்.

பெரிய கோயிலில் கைடு வைத்துக்கொள்வது கல்வெட்டுக்காகத்தான். அடித்தளத்தைச் சுற்றிலும் ராஜராஜன் வெட்டுவித்த எழுத்துகள், பல இடங்களில் கண் மட்டத்திலேயே இருக்கின்றன. "ஒரு வரி படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தடவித் தடவியாவது படிப்பவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கோயில் பணிக்கு வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடிய பெண்களின்) பெயரும், எந்தத் தெருவில் யாருக்கு வீடு என்பதும்கூட அங்கே பதிவாகியிருக்கின்றன. விமானத்தின் உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்கிற கதையைவிட இதில் ஆயிரம் மடங்கு சுவாரஸ்யம் உண்டு. கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதையின் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. "நான் ஏற்பாடு செய்கிறேன்" என்று யாராவது காசு கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பலரும் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதே ஆளைத் தமிழில் பேசவிட்டால் ஊர்க்கதை, கல் எங்கிருந்து வந்தது, தாத்தா சொன்னது என்று கொட்டுவார். நீங்கள் நடுவில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நேரம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

காசைப் பேசும்போது ஆளுக்கு எவ்வளவா, மொத்தமாகவா, எத்தனை மணி நேரம் என்பதை முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கார் டிரைவரோ ஹோட்டலோ அனுப்பும் கைடு என்றால், சுற்றிப்பார்த்த பிறகு சிலைக் கடைக்கோ பட்டுக் கடைக்கோ வண்டி திரும்புவது வழக்கம். "கடை வேண்டாம், நேராக ரூமுக்கு" என்று ஏறும்போதே சொல்லிவிட்டால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

டிக்கெட் வாங்கும்போது பாஸ்போர்ட் பார்ப்பார்கள். மாமல்லபுரத்தில் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருப்பவர்களுக்கு இந்தியர் கட்டணம்தான், அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடு என்பதால் அதே 40. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடா பாஸ்போர்ட்டில் வருபவருக்கு மட்டும் 600. வாசலில் வாதாடிப் பயனில்லை. பெரிய கோயிலுக்கு டிக்கெட்டே கிடையாது.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஒருநாள் பஸ், காஞ்சியையும் மாமல்லையையும் ஒரே நாளில் காட்டிவிடும். வயதானவர்களுக்கு அலைச்சல் குறைவு, சரி. நின்று பார்க்கிற ஆசை உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது. வெயிலும் ஒரு காரணம்: பெரிய கோயிலில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், நண்பகலில் கல் கொதிக்கும். காலையிலேயே போய்விடுங்கள், இல்லாவிட்டால் சாக்ஸ்.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. போனில் ஆடியோ கைடு இறக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகங்களில் கைடைவிடக் கொஞ்சம் முன்தயாரிப்பு உதவும். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பாமல் செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் மட்டும் விவரம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் (சிவனின் செப்புத் திருமேனி), 1011 வாக்கில் வார்த்தது, ஒரு கையை வெறும் காற்றில் ஊன்றி நிற்பார். அங்கே காளை இருந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் அந்தக் கை ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்பது புரியும்.

இலங்கை போகிறவர்களுக்கு: அங்கே கைடுகளுக்கு உரிமம் தருவது சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. பொலன்னறுவைப் பயணங்களில் விகாரைகளையும் அரண்மனையையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சோழர் கல்லால் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிவன் கோயில், இரண்டாம் சிவ தேவாலயம் என்ற பெயரில் அங்கே இருக்கிறது, சுவரில் தமிழ்க் கல்வெட்டுகளோடு. பேரம் பேசும்போதே அதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.